இரைச்சலே கண்ணாக



வானொலிப் பெட்டியில் ஒரு நிலையத்தை விட்டு மற்றொரு நிலையத்தைத் தேடி முள்ளைத் திருப்பும்போது, இடையிலே ‘கர்ர்’ என்றோர் ஓசை எழுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது பாட்டும் அன்று, பேச்சும் அன்று. அதில் சுரம் இல்லை, தாளம் இல்லை, பொருளும் இல்லை. அந்த ஓசை எழுந்தவுடனே நம் முகம் சுளிக்கிறது. கை விரைந்து முள்ளை அப்பால் நகர்த்துகிறது. பொறியியலார் அதனை இரைச்சல் என்பர். வானொலி தோன்றிய நாள்தொட்டு அதனைக் குறைக்கவும் விலக்கவுமே அவர்கள் அரும்பாடு பட்டு வந்திருக்கின்றனர்.

அத்தகைய இரைச்சலை வேண்டுமென்றே உண்டாக்கி, அதனை வானலையாக வெளியே அனுப்பி, அது பொருள்களின் மேற்பட்டுத் திரும்பிவரும் எதிரொலியைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பொருள் எங்கே இருக்கிறது, எவ்வளவு விரைவில் செல்கிறது என்று கூறும் கருவி ஒன்று உண்டு என்றால் நீங்கள் வியப்படையலாம். அதற்கு இரைச்சல் ரேடார் என்று பெயர். பொருளற்றது என்று நாம் தள்ளிய ஒன்று, அதன் படியைக் கையில் வைத்திருப்பவனுக்கு மட்டும் பொருளுடையதாகி விடுகிறது என்னும் உண்மையே இக்கருவியின் உயிர்நாடி. அந்த ஓர் உண்மையைத்தான் இன்று உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

முதலில் இரைச்சல் என்பது யாது என்று பார்ப்போம். ஒரு கம்பியில் எண்ணற்ற எலெக்ட்ரான்கள் உள்ளன. கம்பியில் வெப்பம் இருக்கும் வரையில் அவை ஓயாமல் அங்குமிங்கும் அலைந்து கொண்டே இருக்கின்றன. சந்தைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் நடப்பது போன்றது அது. ஒரு கணத்தில் வலப்புறம் செல்பவை சற்று மிகுதியாக இருக்கும். அடுத்த கணத்தில் இடப்புறம் செல்பவை மிகும். ஆகவே கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே மிகச் சிறிய மின்னழுத்தம் ஒன்று தோன்றித் தோன்றி மறைகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான்சன் என்பவர் இதனை அளந்து 1928-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அங்கேயே இருந்த நைக்விஸ்ட் என்பவர் அதற்குரிய கணிதத்தை வகுத்தார். இவ்விரைச்சலுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. இந்தக் கணத்தில் எழுந்த அலையின் வடிவம் மறுபடி அப்படியே எழுவதில்லை. அடுத்த கணத்தில் என்ன வரும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்லவும் இயலாது. இந்தச் சிறப்பை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

இனி ரேடாரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மலைச்சரிவின் எதிரே நின்று கைதட்டினால் எதிரொலி கேட்கிறது. தட்டிய நேரத்திற்கும் கேட்ட நேரத்திற்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு மலை எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கணக்கிடலாம். ரேடார் செய்வதும் இதுதான். ஒலிக்குப் பதிலாக அது வானொலி அலையைப் பயன்படுத்துகிறது. அந்த அலை விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அனுப்பிய அலை ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பி வருமானால், பொருள் 150 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று பொருள்.

பிரிட்டனில் ரேடாரின் தொடக்கத்திற்கு வானொலி நிலையம் ஒன்றே துணை செய்தது என்பதை இவ்வானொலியின் வாயிலாகச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. 1935-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள், வாட்சன்-வாட் என்பவரும் அவருடைய உதவியாளர் வில்கின்ஸ் என்பவரும், டேவென்ட்ரி என்னும் ஊரில் இருந்த பி.பி.சி.யின் சிற்றலை ஒலிபரப்பு, பறந்து சென்ற ஒரு குண்டுவீச்சு விமானத்தின் மேற்பட்டுச் சிதறியதைக் கருவியில் கண்டனர். அதன் பின்னர் ஒலிபரப்பை நம்பியிராமல், குறுகிய துடிப்புகளை ஒழுங்கான இடைவெளியில் தாமே அனுப்பும் முறை வளர்ந்தது. இன்றும் பெரும்பாலான ரேடார்கள் துடிப்புகளையோ, வேறு வகையில் ஒழுங்குபடுத்தப்பட்ட அலைகளையோதான் பயன்படுத்துகின்றன.

ஆயினும் ஒழுங்கான துடிப்புகளில் சில இடர்ப்பாடுகள் உண்டு. அருகருகே உள்ள இரண்டு பொருள்களைப் பிரித்தறிய வேண்டுமானால் துடிப்பு மிகக் குறுகியதாக இருக்க வேண்டும். தொலைவில் உள்ளதைக் காண வேண்டுமானால் துடிப்பில் ஆற்றல் மிகுந்திருக்க வேண்டும். குறுகிய நேரத்திற்குள் மிகுந்த ஆற்றலைத் திணிப்பது எளிதன்று. மேலும், துடிப்புகள் யாவும் ஒரே வடிவினவாதலின், இப்போது வந்த எதிரொலி இந்தத் துடிப்பினுடையதா, முந்திய துடிப்பினுடையதா என்ற ஐயம் எழும். இந்த ஐயம் என்ன தன்மையது என்பதை விளக்குவதற்கு நான் வாழும் திருப்பூரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன்.

திருப்பூரின் பனியன் துணி வட்டப் பின்னல் இயந்திரத்தில் குழாய் வடிவில் இறங்குகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். பல நிற நூல்களை மாற்றி மாற்றிக் கொடுத்தால், துணியில் வண்ணக் கோடுகள் விழுகின்றன. இக்கோட்டு அமைப்பு குறிப்பிட்ட நீளத்திற்கு ஒருமுறை மீண்டும் வரும். அந்நீளத்தைத் தொழிலில் ‘ரிப்பீட்’ என்பார்கள். கோடு போட்ட துணியை வெட்டும் கட்டிங் மாஸ்டருக்கு ஒரு பெரும் பொறுப்பு உண்டு. சட்டையின் முன்பக்கத்துக் கோடும் பின்பக்கத்துக் கோடும் பக்கத் தையலில் நேருக்கு நேர் சேர வேண்டும். அதற்காக அவர் ஒரு துண்டின்மேல் மற்றொரு துண்டை வைத்து மேலும் கீழும் நகர்த்திப் பார்க்கிறார்.

ஒன்றுவிட்டு ஒன்றாக வெள்ளையும் நீலமுமாக மாறி வரும் துணியை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு துண்டை மற்றொன்றின்மேல் வைத்தால் கோடுகள் பொருந்துகின்றன. இரண்டு கோட்டு அளவு கீழே நகர்த்தினால் அங்கும் பொருந்துகின்றன. நான்கு கோடு நகர்த்தினாலும் பொருந்துகின்றன. ஆகவே துண்டு சரியான இடத்தில் இருக்கிறதா, ஒரு ரிப்பீட் தவறி இருக்கிறதா என்பதைக் கோட்டைப் பார்த்துச் சொல்ல இயலாது. கோடுகள் அழகாகச் சேர்ந்திருக்கும். ஆனால் முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒரு ரிப்பீட் நீண்டிருக்கும். ஒழுங்கான துடிப்புகளை அனுப்பும் ரேடாருக்கு நேரும் ஐயமும் இதுவே.

இப்போது வேறொரு துணியை எண்ணிப் பாருங்கள். அதில் கோடுகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் விழுந்திருக்கின்றன. ஒன்று அகலம், மற்றொன்று குறுகல். இங்கே இரண்டு வெள்ளை, அங்கே மூன்று நீலம். அமைப்பு எங்கும் மீண்டு வருவதே இல்லை. பார்வைக்கு அது பிழைபட்ட துணி போலவே தோன்றும். ஆனால் அதே கோட்டமைப்பில் பின்னிய மற்றொரு துணியை அதன்மேல் வைத்து நகர்த்தினால், ஒரே ஓர் இடத்தில்தான் எல்லாக் கோடுகளும் பொருந்தும். ஒரு கோடு மேலே சென்றாலும் பொருத்தம் கெடும். ஒரு கோடு கீழே வந்தாலும் கெடும். ஒழுங்கின்மையே இங்கு இடத்தை ஐயமறக் காட்டும் அடையாளமாகி விடுகிறது.

இதனை நீங்களே காகிதத்தில் செய்து பார்க்கலாம். என் மாணவர்களுக்கு நான் காட்டுவது பின்வரும் எளிய அமைப்பு: வெள்ளை, வெள்ளை, வெள்ளை, கறுப்பு, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. ஏழு கட்டங்கள். இந்த ஏழும் திரும்பத் திரும்ப வருமாறு இரண்டு காகிதப் பட்டைகளில் வரைந்து கொள்ளுங்கள். ஒன்றின் கீழ் ஒன்றாகச் சரியாக வைத்தால் ஏழுக்கு ஏழும் பொருந்தும். ஒரு கட்டம் நகர்த்துங்கள். ஏழில் மூன்று மட்டுமே பொருந்தும், நான்கு மாறுபடும். இரண்டு கட்டம் நகர்த்தினாலும் மூன்றுதான். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு கட்டங்கள் நகர்த்தினாலும் அதே மூன்றுதான். ஏழாவது கட்டத்தில்தான் மறுபடியும் முழுப் பொருத்தம் கிடைக்கும். ஏழு கட்ட அமைப்புக்கே இத்தகைய ஆற்றல் உண்டென்றால், ஆயிரம் கட்டங்கள் கொண்ட அமைப்புக்கு எவ்வளவு ஆற்றல் இருக்கும்! மீண்டு வருவதே இல்லாத இயற்கை இரைச்சலுக்கோ எல்லையே இல்லை.

இரைச்சல் ரேடாரின் அமைப்பு இனி எளிதில் விளங்கும். அதில் இரைச்சலை உண்டாக்கும் மூலம் ஒன்று இருக்கிறது. அதற்கென அமைந்த டையோடு ஒன்றே அதற்குப் போதும். அங்கே பிறந்த இரைச்சலைப் பெருக்கி இரு கூறாக்குகின்றனர். ஒரு கூறு ஆன்டென்னாவின் வழியாக வெளியே செல்கிறது. மற்றொரு கூறு கருவிக்குள்ளேயே படியாக வைக்கப்படுகிறது. வெளியே சென்றது ஏதேனும் ஒரு பொருளின்மேற் பட்டு, மிகவும் நலிந்து, சற்றுக் காலம் தாழ்த்துத் திரும்பி வருகிறது. அப்போது உள்ளே இருக்கும் படியையும் அவ்வாறே காலம் தாழ்த்தி, இரண்டையும் கணந்தோறும் ஒன்றோடொன்று பெருக்கிக் கூட்டுகின்றனர். தாழ்த்திய காலம் எதிரொலியின் காலத்தோடு ஒத்திருந்தால், மேட்டின்மேல் மேடும் பள்ளத்தின்மேல் பள்ளமும் அமைந்து கூட்டுத்தொகை பெருகும். ஒத்திராவிட்டால், கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அழித்துத் தொகை சுருங்கும். எந்தத் தாழ்வில் தொகை ஓங்குகிறதோ அதுவே பொருளின் தொலைவைச் சொல்லும். கட்டிங் மாஸ்டர் துணியை நகர்த்திப் பொருத்திப் பார்ப்பதும் இதுவும் ஒரே செயல்தான்.

இதன் ஆற்றலைச் சற்றுக் கணக்கிட்டுக் காண்போம். ஒரு நாணயத்தை 100 முறை சுண்டினால், தலையும் பூவும் ஏறத்தாழச் சமமாக விழும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் 10 என்னும் அளவில் இருக்கும். பத்து லட்சம் முறை சுண்டினால் வேறுபாடு ஆயிரம் என்னும் அளவில்தான் இருக்கும். அதாவது, தற்செயலாய்க் கூடுபவை எண்ணிக்கையின் வர்க்கமூல அளவிலேயே வளர்கின்றன. ஒத்துக் கூடுபவையோ எண்ணிக்கையின் அளவிலேயே வளர்கின்றன. இப்போது நம் எதிரொலியின் உயரம், அதனோடு கலந்துவரும் புற இரைச்சலின் உயரத்தில் நூற்றில் ஒரு பங்கே என்று கொள்வோம். கண்ணால் பார்த்தால் அது இருப்பதே தெரியாது. ஆனால் பத்து லட்சம் கணங்களை ஒப்பிட்டுக் கூட்டினால், எதிரொலியின் தொகை பதினாயிரம் ஆகும். புற இரைச்சலின் தொகை ஆயிரம் அளவிலேயே நிற்கும். மறைந்திருந்தது பத்து மடங்கு ஓங்கி எழுந்து நிற்கிறது. விநாடிக்கு 100 கோடி அதிர்வு அகலமுள்ள இரைச்சலைப் பயன்படுத்தினால், இத்தனை கணங்களும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் கிடைத்துவிடும். அவ்வகல இரைச்சலுக்கு மற்றொரு பயனும் உண்டு. 15 சென்டிமீட்டர் இடைவெளியில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு பொருள்களைக்கூட அது பிரித்துக் காட்டும்.

இக்கருத்து எப்போது பிறந்தது என்பதும் சுவையானதே. இரண்டாம் உலகப்போரில் இரைச்சல், ரேடாரின் பகையாகவே களத்தில் இறங்கியது. செர்மானியரின் ரேடார்கள் தம் விமானங்களைக் காணாதபடி, நேச நாட்டினர் தம் விமானங்களில் இரைச்சலைப் பரப்பும் கருவிகளை ஏற்றிச் சென்றனர். அவற்றுள் ஒன்றுக்குக் கம்பளம் என்று பொருள்படும் ‘கார்ப்பெட்’ என்பதே பெயர். எதிரியின் கண்ணைக் கம்பளத்தால் மூடுவது போன்றது அது. கண்ணை மூடப் பயன்பட்ட அதே இரைச்சலைக் கண்ணாகவும் ஆக்கலாம் என்பதனை, அமெரிக்காவைச் சேர்ந்த ஹார்ட்டன் என்பவர் 1959-ஆம் ஆண்டில் வெளியான தம் கட்டுரையில் விளக்கினார். இரைச்சலைக் கொண்டு தொலைவை அளப்பதே அதன் பொருள். 1960-களில் பர்டூ பல்கலைக்கழகத்தில் கூப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் அம்முயற்சியைத் தொடர்ந்தனர். ஆயினும் அகன்ற இரைச்சலைப் பிசகின்றிக் காலம் தாழ்த்தவும், விரைந்து பெருக்கிக் கூட்டவும் வல்ல உறுப்புகள் அந்நாளில் அரியனவாயிருந்தன. கருத்து முன்னே பிறந்துவிட்டது. அதற்குரிய கருவிகள் பின்னரே வந்து சேர்ந்தன.

ஹார்ட்டன் கட்டுரை வெளியான அதே 1959-இல்தான் சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பெற்றது. அக்கழகத்தில் பயின்று 1976-இல் பட்டம் பெற்ற ராம் நாராயணன் என்பவர், பின்னாளில் இத்துறையை வளர்த்தோருள் ஒருவராக விளங்கினார் என்பது தமிழகத்து மாணவர்கள் பெருமையுடன் அறிய வேண்டிய செய்தி. அவர் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1990-களில் தம் குழுவினரோடு அகன்ற பட்டை இரைச்சல் ரேடாரை உருவாக்கிச் சோதித்தார். அது விநாடிக்கு 100 கோடி முதல் 200 கோடி வரையிலான அதிர்வெண்களில் இயங்கியது. சற்று முன்பு நாம் கணக்கிட்ட 15 சென்டிமீட்டர் நுட்பம் அதற்கே உரியது.

இரைச்சலை இரைச்சலோடு பெருக்கித் தொலைவைக் கண்டபோது, முந்தைய முறைகளில் ஒரு குறை இருந்தது. எதிரொலி இருக்கிறதா, எவ்வளவு வலிமையுடையது என்பது தெரியும். அலையின் எந்த நிலையில் அது வந்து சேர்ந்தது என்பது தெரியாமற் போகும். அதனை அலையின் கட்டம் என்று இயற்பியல் நூல்களில் படித்திருப்பீர்கள். நாராயணன் குழுவினர், உள்ளே வைத்திருக்கும் படியின் அதிர்வெண்ணை ஒரு குறிப்பிட்ட அளவு நகர்த்திவிட்டு, அதன் பின்னரே எதிரொலியோடு பெருக்கினர். அதனால் கட்டமும் அழியாமல் காக்கப்பட்டது. கட்டம் கிடைத்ததும் பொருளின் வேகத்தை அளக்கலாம். பல இடங்களிலிருந்து பெற்ற எதிரொலிகளைச் சேர்த்து உருவமாகவும் தீட்டலாம். இலைதழைகளுக்குப் பின்னாலும், மண்ணுக்கு அடியிலும், சுவருக்கு அப்பாலும் உள்ளவற்றைக் காண்பதற்கு இம்முறையை அவர்கள் ஆராய்ந்தனர். 2003 முதல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் அவர் இத்துறையில் பணியாற்றினார். உக்ரைன் நாட்டின் கார்கிவ் நகரில் லூக்கின் என்பவரின் குழுவினரும் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி செய்துள்ளனர்.

‘இவையெல்லாம் எங்கோ தொலைவில் உள்ள ஆய்வுக்கூடங்களின் செய்தி; நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?’ என்று நீங்கள் வினவலாம். உங்கள் சட்டைப்பையிலேயே தொடர்பு இருக்கிறது. கைப்பேசியில் வழிகாட்டும் ஜி.பி.எஸ். முறையில், ஒவ்வொரு செயற்கைக்கோளும் தனக்கே உரிய ஒரு போலி இரைச்சலை அனுப்புகிறது. அது 1,023 கட்டங்கள் கொண்ட அமைப்பு. விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஒருமுறை மீண்டும் வருவது. நாம் காகிதத்தில் வரைந்த ஏழு கட்ட அமைப்பின் மூத்த உறவு அது. இருபதினாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அச்சைகை, கைப்பேசியில் இயல்பாக உள்ள வெப்ப இரைச்சலைவிடவும் நலிந்தது. கைப்பேசி தன்னிடமுள்ள படியை நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்த்து அதனை மீட்டெடுக்கிறது. அவிநாசிச் சாலையில் சரக்கு வண்டியோட்டி ஒருவர் தம் கைப்பேசியில் வழி பார்க்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கு நடைபெறுகிறது.

நமக்கு மேற்கே நீலகிரியில், உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட வானொலித் தொலைநோக்கி ஒன்று உள்ளது. கோவிந்த் சுவரூப் என்னும் அறிஞரின் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தினர் 1970-இல் அதனை அமைத்து முடித்தனர். ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் அது வடக்குத் தெற்காக அமைந்துள்ளது. அவ்விடத்தின் அட்சரேகையும் 11 பாகையே ஆதலால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது. ஒரே திசையில் அதனைச் சுழற்றினாலே போதும். வானத்துப் பொருளை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். அங்கே அனுப்பும் கருவி இல்லை. கேட்கும் கருவி மட்டுமே உண்டு. அண்ட வெளியிலிருந்து வருவதெல்லாம் இரைச்சலே. தொலைநோக்கியின் வடபாதியில் விழுந்த இரைச்சலையும் தென்பாதியில் விழுந்ததையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் பொதுவானது எதுவோ அதனையே வானத்துச் செய்தி என்று கொள்ளும் முறையும் அங்குக் கையாளப்பட்டது. ஒரு கருவிக்குள் தானாகத் தோன்றும் இரைச்சல் மற்றொன்றில் இராது அன்றோ! ஒப்புநோக்கல் என்னும் அந்த ஒரே கலைதான் ரேடாருக்கும் வானியலுக்கும் பொதுவாக உதவுகிறது.

வானொலிக்கும் இதில் பங்கு உண்டு. டேவென்ட்ரியில் 1935-இல் நடந்ததைப் போலவே, பண்பலை ஒலிபரப்பையே பயன்படுத்தி விமானங்களைக் கண்டறியும் ரேடார்கள் இன்று உலகில் இருக்கின்றன. அவை தாமாக ஒன்றும் அனுப்புவதில்லை. ஓர் ஆன்டென்னா ஒலிபரப்பை நேரே வாங்கிப் படியாக வைத்துக் கொள்ளும். மற்றொன்று விமானத்தில் பட்டுவரும் அதே ஒலிபரப்பைத் தேடும். பாட்டும் பேச்சும் அந்தக் கருவிக்குப் பொருளற்ற ஏற்ற இறக்கங்கள்தாம். ஆனால் மீண்டு வராத ஏற்ற இறக்கங்கள் ஆதலால் அவை பயன்படுகின்றன. பல ஓசைகள் நிறைந்த இசை ஒலிக்கும்போது அலையின் பட்டை அகன்று, தொலைவு நுட்பமாகத் தெரியும். பேச்சாளர் ஒருவர் பேச்சினிடையே மூச்சு வாங்க நின்றால், அந்தக் கணத்தில் பட்டை குறுகி நுட்பம் கெடும். ஆகவே கொடைக்கானல் மலையிலிருந்து வரும் பண்பலையை யாரேனும் இவ்வாறு பயன்படுத்துவாராயின், என் போன்றோரின் பேச்சைவிட நாகசுரக் கச்சேரியே அவருக்கு உகந்ததாக இருக்கும்!

இரைச்சல் ரேடாருக்கு எதிர்காலத்தில் தேவை பெருகக்கூடிய இடம் ஒன்று உண்டு; அது நம் சாலைகள். மோதலைத் தடுப்பதற்காக இன்றைய கார்கள் பலவற்றில் சிறு ரேடார்கள் பொருத்தப்படுகின்றன. அவை பெரும்பாலும் 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸ் வரையிலான ஒரே அதிர்வெண் பகுதியில் இயங்குகின்றன. ஒரு சாலையில் இத்தகைய வண்டிகள் இரண்டோ மூன்றோ இருக்கும்வரை தொல்லை இல்லை. நூற்றுக்கணக்கில் நெருங்கும்போது, ஒன்றின் சைகையை மற்றொன்று தன் எதிரொலி என்று மயங்க இடமுண்டு. இல்லாத வண்டியை இருப்பதாகக் காட்டினால் கார் வீணே நின்றுவிடும். இருக்கும் மிதிவண்டியைக் காட்டாது விட்டால் ஓர் உயிர் போகும். இரவில் வேலை முடித்துப் பல்லடம் சாலையிலும் காங்கயம் சாலையிலும் வீடு திரும்பும் தொழிலாளர் எத்தனை பேர்! ஒவ்வொரு வண்டியும் தனக்கே உரிய ஒழுங்கற்ற சைகையை அனுப்புமானால், பிறருடைய சைகை அதன் படியோடு பொருந்தாது. மங்கிய பின்னணியாகவே ஒதுங்கி நிற்கும். ஆதலின் ஒழுங்கற்ற சைகைகளையும், அவற்றைப் போன்ற குறியீட்டுச் சைகைகளையும் இப்பணிக்குப் பயன்படுத்தும் வழிகளைப் பொறியியலார் ஆராய்கின்றனர்.

எனினும் இக்கருவியின் குறைகளையும் மறைக்கலாகாது. துடிப்பு ரேடார் ஒரு கணம் அனுப்பி, மறு கணம் வாயை மூடிக்கொண்டு கேட்கிறது. இரைச்சல் ரேடாரோ பெரும்பாலும் அனுப்பிக் கொண்டே கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே அனுப்பும் ஆன்டென்னாவிலிருந்து நேரே கசியும் அலை, தொலைவிலிருந்து வரும் மெல்லிய எதிரொலியை மூழ்கடிக்கப் பார்க்கும். அருகில் உள்ள பெரிய பொருளின் எதிரொலியும் அவ்வாறே செய்யும். பொருந்தாதவை முற்றிலும் அழிந்து விடுவதில்லை. வர்க்கமூல அளவிலேனும் எஞ்சி நிற்கின்றன என்பதை முன்னரே கண்டோம். அந்த எச்சமே இங்கு இடையூறு. கணக்கீட்டின் சுமையும் பெரிது. மிக விரைந்த மின்னணு உறுப்புகள் வந்த பிறகே இச்சுமை தாங்கக் கூடியதாயிற்று. இக்காரணங்களால்தான் இரைச்சல் ரேடார் இன்னும் எங்கும் பரவிவிடவில்லை.

கருவியைக் கையாளும் மனிதரைப் பற்றியும் ஒரு சொல். இதன் அலை இயற்கை இரைச்சலைப் போலவே இருப்பதால், தம்மை யாரோ பார்க்கிறார்கள் என்பதைப் பார்க்கப்படுபவர் எளிதில் அறிய முடியாது. போர்த்துறையினர் இதனை விரும்புவதற்கு அதுவே முதற் காரணம். இடிந்து விழுந்த கட்டடத்தின் அடியில் மூச்சு விடும் ஒருவரை இத்தகைய கண் தேடித் தருமானால் அது அருட்கருவி. அதே கண் பிறர் வீட்டுச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்க்குமானால் அதனை என்னென்பது? எவ்விடத்தில், யாருடைய இசைவோடு, எதற்காகப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் கடமை பொறியியலாருக்கு மட்டும் உரியதன்று. நாளைய குடிமக்களாகிய உங்களுக்கும் உரியது. அதற்கு முதலில் கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

இரைச்சலைப் புகழ்ந்து பேசினேன் என்பதற்காக எல்லா இரைச்சலும் நல்லது என்று கொள்ளாதீர்கள். சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறிக் கூடங்களில் நாள்தோறும் எழும் ஓசை, அங்கே உழைப்பவரின் செவிப்புலனைச் சிறிது சிறிதாகக் கெடுக்க வல்லது. அதனைக் குறைப்பதே அறிவும் அறமும் ஆகும். நான் சொல்ல வந்தது வேறு. பயனற்றது என்று ஒன்றை ஒதுக்குமுன், அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் படி ஏதேனும் இருக்கிறதா என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். படி இல்லாதபோது இரைச்சல் வெறும் இரைச்சல்தான். படி கையில் இருந்தால் அதுவே தொலைவைச் சொல்கிறது, வேகத்தைச் சொல்கிறது, உருவத்தையும் தீட்டிக் காட்டுகிறது.

இன்று மாலை நீங்கள் செய்யத்தக்க சோதனை ஒன்றைக் கூறி முடிக்கிறேன். ஒரு நாணயத்தை 50 முறை சுண்டுங்கள். தலை விழுந்தால் வெள்ளைக் கட்டம், பூ விழுந்தால் கறுப்புக் கட்டம் என்று கட்டத் தாளில் வரிசையாகக் குறியுங்கள். அதே வரிசையை மற்றொரு நீண்ட தாளிலும் எழுதுங்கள். ஆனால் அதன் முன்னும் பின்னும் வேறு 50 சுண்டல்களைச் சேர்த்து, அது எங்கே தொடங்குகிறது என்பதை மறைத்து விடுங்கள். அந்த நீண்ட தாளை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, வரிசை எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள். படியின்றி அவரால் சொல்ல இயலாது. பிறகு உங்கள் கையிலுள்ள முதல் தாளை அவரிடம் கொடுங்கள். அவர் அதனைக் கட்டம் கட்டமாக நகர்த்திக் கொண்டே வருவார். ஒவ்வோர் இடத்திலும் ஏறத்தாழ 25 கட்டங்களே பொருந்தும். திடீரென்று ஓர் இடத்தில் ஐம்பதுக்கு ஐம்பதும் பொருந்தி நிற்கும். அந்த இடத்தைக் கண்டவுடன் அவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியைக் கவனியுங்கள். இரைச்சலுக்குள்ளிருந்து முதல் எதிரொலியைக் கண்டெடுத்த ஆராய்ச்சியாளரும் அத்தகைய மகிழ்ச்சியையே அடைந்திருப்பார்.